நானூற்றைம்பது ரூபாய் மிஷினும் ஒரு நைலான் புஷ்ஷும்

எங்கள் வீட்டுக் காபி ஃபில்டரில் ஒரு நாள் டிகாஷன் நாலே நிமிடத்தில் வெறும் தண்ணீராக இறங்கிவிடும். இன்னொரு நாள் ராத்திரி ஊற்றிய வெந்நீர் விடிந்து பார்த்தாலும் பாதி மேலேயே நிற்கும். கொட்டை ஒன்றுதான், ஃபில்டர் ஒன்றுதான், ஊற்றுவதும் அம்மாதான். மாறிக்கொண்டே இருந்தது அரைவை மட்டும். அதைச் சரிசெய்ய எனக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் பிடித்தது. செலவு 1,200 ரூபாய்க்குள் முடிந்தது. எங்கே தப்பு செய்தேன், எது உதவியது என்று நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஏன் வீட்டில் அரைக்க வேண்டும் என்பது. திருச்சியில் எந்தக் காபிக் கடையிலும் வறுத்த கொட்டையை அரைக்காமல் கேட்டால் அப்படியே நிறுத்துக் கொடுப்பார்கள். அரைத்த பொடியை வாங்கினால் முதல் இரண்டு நாள் வீடே மணக்கும். நாலாம் நாள் டப்பாவைத் திறந்தால் அந்த மணத்தில் பாதிகூட இருக்காது. கொட்டையாக இருக்கும்போது மணமும் எண்ணெயும் உள்ளேயே அடைந்து கிடக்கின்றன. அரைத்த நிமிடம் ஆயிரம் முகங்களில் காற்று படுகிறது. அதே கொட்டையை அரைக்காமல் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் மூன்று வாரம் வரை தைரியமாகக் குடிக்கலாம். பெரிய மிஷின், விலை உயர்ந்த கொட்டை எதுவும் இல்லாமல் காபியை ஒரு படி மேலே ஏற்ற எனக்குத் தெரிந்த மிக மலிவான வழி இதுதான்.

வீட்டிலேயே வறுத்தும் பார்த்தேன். இரும்பு வாணலியில் கால் கிலோ பச்சைக் கொட்டை, பதினாறு நிமிடம், கை ஓயக் கிளறல். படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டதும் இறக்கி, முறத்தில் கொட்டிப் புடைத்தால் உமி பறந்துவிடும். 250 கிராம் போட்டு 209 கிராம் வந்தது. ஈரம் போய் அந்த அளவு எடை குறைவது இயல்புதான். ஆனால் பாதிக் கொட்டை கறுப்பு, பாதி வெளிர். கடைக்காரர்கள் உருளையில் சுழற்றி வறுக்கும் சீர் வாணலியில் எனக்கு வரவில்லை. இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டேன்.

அரைக்க வீட்டில் இருந்தது மிக்ஸி. மிக்ஸி பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறதே தவிர அரைப்பதில்லை. பிளேடுக்குப் பக்கத்தில் இருப்பது திரும்பத் திரும்ப அடிபட்டு மாவாகிறது, ஓரத்துக்கு ஒதுங்கியது நொய்யாகவே நிற்கிறது. இதைக் கண்ணால் பார்க்கச் சமையலறைச் சல்லடைகள் இரண்டை எடுத்தேன். ஒன்று ரவை சலிக்கிற சல்லடை, இன்னொன்று மாவு சலிக்கிறது. மிக்ஸியில் அரைத்த 50 கிராமில் 14 கிராம் ரவைச் சல்லடையின் மேலேயே தங்கியது. 17 கிராம் மாவுச் சல்லடையிலும் இறங்கிப்போனது. ஃபில்டருக்கு வேண்டிய நடுத்தரம் 19 கிராம்தான். அந்த மாவு ஃபில்டர் கண்ணை அடைக்கிறது, சட்டென்று கரைந்து கசப்பையும் விடுகிறது. நொய்யின் உள்ளே தண்ணீர் போய்ச் சேர்வதே இல்லை; அதில் புளிப்பு மட்டும் வருகிறது. ஒரே வாய்க் காபியில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து தெரிந்ததற்குக் காரணம் அதுதான். என்றைக்கு மாவு அதிகமோ அன்றைக்கு அடைப்பு. என்றைக்கு நொய் அதிகமோ அன்றைக்குத் தண்ணீர்.

மிக்ஸி மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. சின்ன சட்னி ஜாரில் 25 கிராமுக்கு மேல் போட வேண்டாம். இரண்டு நொடி ஓட்டி, நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி இரண்டு நொடி. ஏழெட்டுத் தடவை இப்படி. அப்புறம் ரவைச் சல்லடையில் சலித்து, மேலே நின்றதை மட்டும் திரும்ப ஜாரில் போட வேண்டும். எல்லாவற்றையும் திரும்பப் போட்டால் மாவுதான் கூடும். இப்படிச் செய்தபோதே பாதிக் குறை தீர்ந்தது. ஆனால் தினமும் காலை ஆறு மணிக்குச் சல்லடையோடு நிற்பது நடக்கிற காரியமில்லை.

அப்புறம்தான் அரியமங்கலம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்தக் கை மிஷினைப் பார்த்தேன். மேசை விளிம்பில் திருகிப் பொருத்துகிற வார்ப்பிரும்பு மிஷின். மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்த புனல், பக்கத்தில் மரக் குமிழ் போட்ட கைப்பிடி, கீழே ஒரு தகர டப்பா. ஒரு தலைமுறைக்கு முன்னால் வரை பல வீடுகளில் சமையலறைப் பலகையில் இருந்த சாதனம். 700 சொன்னார், 450-க்குக் கொடுத்தார். இதன் வேலை எளிது. உள்ளே பல் வெட்டிய கூம்பு ஒன்று சுற்றுகிறது. அதைச் சுற்றி அசையாத பல் வளையம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பொடியின் அளவைத் தீர்மானிக்கிறது. இடைவெளியைவிடச் சிறிதானது கீழே விழுந்துவிடும், மறுபடி அடிபடாது. மாவு குறைவதற்கும் பொடி ஒரே சீராக வருவதற்கும் அதுதான் காரணம். மிஷின் நல்ல நிலையில் இருந்தால்!

கழற்றுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. நான்கு திருகாணிகளும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்த பிறகு மூன்று திரும்பின, நாலாவதன் தலை உடைந்தது. கூம்பையும் வளையத்தையும் வினிகரில் பன்னிரண்டு மணி நேரம் போட்டுவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். துரு கறுப்புச் சேறாக வழிந்தது. எடுத்தவுடன் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அலசி, சூடான தோசைக்கல்லின் மேல் வைத்து உலர்த்த வேண்டும். அப்படியே காற்றில் விட்டால் கால் மணி நேரத்தில் திரும்பவும் ஆரஞ்சு நிறம் பிடிக்கிறது. முதல் முறை அப்படி விட்டுவிட்டு, வினிகர் வேலையை இன்னொரு தடவை செய்தேன்.

பெயிண்ட் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும். நான் மொட்டைமாடியில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் விட்டு, ஈரத்தாளால் தேய்த்தேன். வழிந்ததைப் பழைய துணியில் ஒற்றி எடுத்து உறையில் கட்டிப்போட்டேன். கொட்டை படுகிற உட்புறம் முழுவதும் வெற்று இரும்பாகும்வரை எடுத்தேன். வெளிப்புறச் சிவப்பு கெட்டியாக இருந்ததால் அதைத் தொடவில்லை.

பிறகு உள்ளே ஒட்டியிருக்கிற அழுக்கு போக ரேஷன் பச்சரிசியைப் போட்டு அரைத்தேன். முதல் கைப்பிடி சாம்பல் நிறத்தில் வந்தது, மூன்றாவது வெள்ளையாக வந்தது. மலிவான கொட்டை நூறு கிராமையும் அரைத்துக் கொட்டினேன். அதற்கு மேல்தான் எங்கள் கொட்டை.

ஆசையாகச் சலித்துப் பார்த்தால் நொய் 11, மாவு 13, நடுத்தரம் 26. மிக்ஸியைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். இவ்வளவு பாடுபட்டு வந்த மிஷின் ஏன் இப்படி அரைக்கிறது என்று இரண்டு நாள் புரியவே இல்லை. கொட்டை போடாமல் காதை அருகில் வைத்து மெதுவாகச் சுற்றியபோதுதான் பிடிபட்டது. ஒரு சுற்றில் பாதித் தூரம் கரகரவென்று உரசல், மீதிப் பாதி நிசப்தம். கூம்பு நடுவில் நிற்கவில்லை. கூம்பைச் சுற்றுகிற தண்டு நுழைகிற துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. தண்டு 12 மில்லிமீட்டர், துளை அகலமான பக்கத்தில் 13-ஐயும் தாண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இடைவெளி சுருங்கி மாவு, மறுபக்கம் விரிந்து நொய். பழைய கை மிஷின் வாங்குகிறவர்கள் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கைப்பிடியைப் பிடித்து அப்படியும் இப்படியும் ஆட்டிப் பாருங்கள். தண்டு ஆடினால் நோய் அங்கேதான் இருக்கிறது.

குளிர்பானத் தகர டப்பாவை வெட்டித் துளைக்குள் சுருட்டி வைத்தேன். ஆட்டம் நின்றது. நொய் பாதியாகக் குறைந்தது. ஆனால் இரண்டு வாரத்தில் டம்ளர் அடியில் மினுக்மினுக்கென்று என்னவோ தெரிந்தது. அலுமினியத் தூள். அன்றைக்கே பிடுங்கி எறிந்தேன். வாய்க்குள் போகிற பொருளின் பாதையில் கையில் கிடைத்த தகரத்தை வைத்தது தவறு. இதை யாரும் முயல வேண்டாம்.

லேத் பட்டறைக்குப் போனபோது பித்தளை புஷ், அதாவது துளைக்குள் பொருத்தித் தண்டைப் பிடித்துக்கொள்கிற குழல், போடச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். பட்டறை அண்ணன் மிஷினைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடையிறதுக்கு வர்ற பித்தளைக் கம்பியில ஈயம் கலந்திருக்கும் தம்பி, சாப்பாட்டு சாமானுக்கு வேணாம். நைலான் போட்டுத் தர்றேன், எண்ணெயும் விட வேணாம்" என்றார். கடைவதற்கு எளிதாக இருக்க அந்தப் பித்தளையில் ஈயம் சேர்க்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் செய்த அடுத்த காரியம் இன்னும் முக்கியம். தண்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தை லேத்தில் மாட்டும்போது தேய்ந்த துளையை நடுவாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டத்தின் இரண்டு பக்கத்துத் திருகாணித் துளைகளிலிருந்து அளந்து, முதலில் இருந்திருக்க வேண்டிய மையத்தைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து 18 மில்லிமீட்டருக்குத் துளையைப் பெரிதாக்கி, நைலான் புஷ்ஷை இறுக்கமாக அழுத்தி ஏற்றினார். தேய்ந்த துளையையே பின்பற்றியிருந்தால் புது புஷ்ஷும் பழைய கோணலிலேயே உட்கார்ந்திருக்கும்.

முதல் புஷ் தண்டைக் கவ்விக்கொண்டது. பட்டறையில் சுற்றியபோது சரியாக இருந்தது, வீட்டுக்கு வந்து மழைக்காலத்தில் மூன்றாம் நாள் இறுகிவிட்டது. திரும்பக் கொண்டுபோனேன். "நைலான் ஈரம் குடிக்கும் தம்பி, கொஞ்சம் விட்டுத்தான் கடையணும்" என்று உள்துளையை ஒரு மயிரிழை பெரிதாக்கி இன்னொன்று கடைந்து கொடுத்தார். இரண்டுக்கும் சேர்த்து 300 ரூபாய் வாங்கினார். உடைந்த திருகாணிக்குப் புதிதாக மரை வெட்டியதற்குக் காசு வாங்கவில்லை.

இன்னொரு சின்னத் திருத்தம் நானே செய்தேன். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற நட் மிஷினின் அடியில் இருக்கிறது. அரைக்க அரைக்க அதிர்வில் அது தானாகத் தளர்ந்து, கடைசிக் கைப்பிடி முதல் கைப்பிடியைவிடப் பெரிதாக வந்துகொண்டிருந்தது. அதன் கீழே இன்னொரு நட்டைப் போட்டு இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கினேன். பத்து ரூபாய். நட்டின் ஒரு முகத்தில் அம்மாவின் பழைய நகப்பூச்சில் ஒரு கோடு, மிஷினின் உடம்பில் ஐந்து புள்ளிகள். இப்போது எந்தப் புள்ளியில் அரைத்தோம் என்று சொல்ல முடிகிறது.

திரும்பச் சலித்தேன். நொய் 3, மாவு 9, நடுத்தரம் 38. அந்தத் தட்டை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கடையில அரைச்ச மாதிரி இருக்கேடா" என்றாள்.

இனி டிகாஷன். முன்பெல்லாம் கண்ணளவில் கரண்டியால் போடுவோம். 350 ரூபாய்க்கு ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன். மிஷினுக்கு அடுத்து இதுதான் பயனுள்ள செலவு. எங்களுடைய சின்ன எவர்சில்வர் ஃபில்டருக்கு 30 கிராம் பொடி, 150 மில்லி வெந்நீர். பொடி தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே கீழே வருவது 90 மில்லிதான். இரண்டு டம்ளர் காபிக்கு அது தாராளம். மிக்ஸி நாட்களில் இதே திடத்துக்கு 40 கிராம் போட்டோம். மாதம் 300 கிராம் கொட்டை மிச்சமாகிறது. காபி விலை ஏறியிருக்கும் இந்த நேரத்தில் மிஷினுக்குப் போட்ட பணம் அதிலேயே வேகமாகத் திரும்பிவிட்டது.

பொடியைப் போட்டு ஃபில்டரை இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்துகிறேன். குடை போன்ற அந்தத் தட்டை வைத்து லேசாக அழுத்தினால் போதும். கையின் பலத்தையெல்லாம் காட்டினால் எந்த அரைவையும் அடைத்துக்கொள்ளும். கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிடம் கழித்து, முதலில் பொடி நனைகிற அளவுக்கு மட்டும் ஊற்றிக் காத்திருக்கிறேன். புதிதாக வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைந்திருக்கும். வெந்நீர் பட்டதும் அது குமிழ் குமிழாக மேலே வரும். அந்தக் குமிழ்கள் அடங்கியபின் மீதியை ஊற்றினால் தண்ணீர் பொடி முழுவதும் சீராக இறங்குகிறது. பல நாள் ஆன கடைப் பொடியில் இந்தக் குமிழே வராது. கொட்டை எவ்வளவு புதிது என்று பார்க்க நான் நம்புவது இதைத்தான்.

இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். முதல் புள்ளியில் ஐம்பது நிமிடம், கசப்பு. நாலாம் புள்ளியில் ஐந்து நிமிடம், சப்பென்று. இரண்டாம் புள்ளிக்கும் மூன்றாம் புள்ளிக்கும் நடுவில் பதினான்கு பதினைந்து நிமிடத்தில் முடிகிறது. கள்ளிச்சொட்டு என்பார்களே, அப்படித்தான் வந்தது.

அரைவை சரியாக இருந்தும் ஒரு நாள் சொட்டு நின்றுபோனது. அடுக்குகள் நெருக்கமாகப் பொருந்துவதால் கீழ்ப் பாத்திரத்துக் காற்று வெளியேற வழியில்லாமல் இருந்திருக்கிறது. மேல் அடுக்கை ஒரு தடவை தூக்கி வைத்ததும் மறுபடி சொட்டத் தொடங்கியது. பழைய அடைப்புகளில் சில இந்தக் காரணத்தால்கூட இருந்திருக்கலாம். ஃபில்டர் கண்ணுக்கு மாதம் ஒரு முறை வெளிச்சம் பார்க்கிறேன். அடைந்த கண் தெரிந்தால் மேல் அடுக்கை அடுப்புத் தணலில் கவிழ்த்துக் காட்டி, எரிந்ததைத் தட்டிவிட்டுக் கழுவினால் போதும். அம்மா அடியில் ஒரு சிட்டிகை சர்க்கரை தூவிவிட்டுத்தான் பொடி போடுவாள், தூள் கண்ணுக்குள் இறங்காமல் இருக்க. இப்போது தேவைப்படவில்லை, ஆனாலும் தூவுகிறாள், நான் தடுக்கவில்லை.

கொட்டையைப் பற்றிக் கொஞ்சம். அரபிகா வகைக் கொட்டையில் பிளாண்டேஷன் ஏ என்கிற தரத்தையும் பீபெர்ரியையும் கலந்து வாங்குகிறோம். பீபெர்ரி தனி ரகம் என்று பலர் நினைக்கிறார்கள். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு பருப்பு முகம் பார்த்துத் தட்டையாக வளரும். சில பழங்களில் ஒன்று மட்டும் வளர்ந்து உருண்டையாகிவிடும், அதைப் பிரித்தெடுப்பதுதான் பீபெர்ரி. சுவையைவிட அதன் உருண்டை வடிவம்தான் என் மிஷினுக்கு முக்கியமானது, மிஷினுக்குள் தடையில்லாமல் உருண்டு இறங்குகிறது. முடிந்தபோதெல்லாம் ஏற்காட்டுக் கொட்டை கேட்டு வாங்குவோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு வந்த பயிர், எங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லாத மலை என்பதில் ஒரு பிரியம்.

சிக்கரி பத்து சதவீதம் சேர்க்கிறோம். அது ஒரு செடியின் வேரை வறுத்து அரைப்பது. காபியைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீரில் கரையும், நிறமும் கெட்டியும் அதனால்தான். காஃபீன் கிடையாது. பாக்கெட்டில் சிக்கரி எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். சட்டப்படி காபிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் போதும். காபி விலை கொடுத்துப் பாதி வேரை வாங்காமல், இரண்டையும் தனித்தனியே வாங்கி வீட்டில் கலப்பது மலிவு. ஆனால் சிக்கரியை மிஷினில் போடாதீர்கள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் பல்லில் அப்பிக்கொள்ளும். பொடியாக வாங்கிக் கடைசியில் கலக்க வேண்டியதுதான்.

தண்ணீர் இவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று நினைக்கவில்லை. எங்கள் போர் தண்ணீரில் போட்ட டிகாஷனும் மாநகராட்சிக் காவிரித் தண்ணீரில் போட்டதும் இரண்டு வேறு கொட்டைகள்போல இருந்தன. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற மீட்டர் ஒன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் பார்த்தேன், அது போரில் 1,100-ம் குழாயில் 310-ம் காட்டியது. உப்பு மிகுந்த கடினத் தண்ணீர் காபியின் மெல்லிய புளிப்பை அடக்கிவிடுவதால் எல்லாம் ஒரே மந்தமாக ஆகிறது. இப்போது காபிக்கு மட்டும் குழாய்த் தண்ணீரை ஒரு பித்தளைக் குடத்தில் பிடித்து வைக்கிறோம்.

பாலில் சொல்ல அதிகமில்லை. தண்ணீர் கலக்காத பால், ஒரே கொதி, டிகாஷனைத் தனியாகச் சூடாக்கக் கூடாது. சூடாக்கினால் இவ்வளவு பாடும் வீண்.

முப்பது கிராம் அரைக்க நான்கு நிமிடம் ஆகிறது. வேலை நாட்களில் அம்மாதான் அரைக்கிறாள். ரேடியோவில் செய்தி முடிவதற்குள் முடிந்துவிடுகிறது என்கிறாள். போன வாரம் பீபெர்ரி மட்டும் வந்திருந்தது, என் புள்ளியில் டிகாஷன் சீக்கிரமே இறங்கிவிட்டது. மறுநாள் காலை மிஷினடியில் குனிந்து பார்த்தேன். என் ஐந்து சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவே, இரண்டுக்குச் சற்று முன்னால், புதிதாக ஒரு ஊதாப் புள்ளி இருந்தது.